முதல் வார வசூல் முந்தைய பாகத்துக்குச் சேர்ந்தது

கேள்வி இதுதான்: ஒரு பேய்ப்படம் யாரும் எதிர்பாராத அளவுக்கு ஓடுகிறது. அதன் இரண்டாம் பாகம் அமர்க்களமாக ஆரம்பித்து, இரண்டே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போய்விடுகிறது. ‘முதல் பாகம் மாதிரி இல்லை’ என்று எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனாலும் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது என்று பாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இது எப்படிக் கட்டுப்படியாகிறது? ரசிகர்கள் உண்மையில் எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?

இரண்டாம் பாகத்தின் முதல் வார இறுதி வசூலை அந்தப் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்கும் ஆளுக்குப் புதுப் படத்தைப் பற்றி டிரெய்லரைத் தவிர எதுவும் தெரியாது. அவர் நம்பி வருவது முந்தைய பாகத்தை. ஆகவே ஓப்பனிங், அதாவது முதல் வார இறுதி வசூல், முந்தைய பாகம் சம்பாதித்து வைத்தது. புதுப் படம் நன்றாக இருந்ததா என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரியும். அதன் பலனோ பெரும்பாலும் அடுத்த பாகத்தின் தலையில் விடியும். திகில் தொடர்களின் கணக்கைப் படிக்க, பலன் இப்படி ஒரு பாகம் தள்ளி வருவதைப் புரிந்துகொண்டாலே பாதி விளங்கிவிடும். (இங்கே சொல்லும் தொகையெல்லாம் டாலரில். உள்நாடு என்றால் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது.)

இதற்கு ‘ஸ்க்ரீம்’ தொடரைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. முதல் படம் 1996 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு வந்தது. முதல் வார இறுதியில் 64 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. பார்த்தவர்கள் பேசப் பேசக் கூட்டம் சேர்ந்து, உள்நாட்டில் மட்டும் 10 கோடியைத் தாண்டியது. ஒரு வருடம் முடிவதற்குள் இரண்டாம் பாகம் வந்தது. ஓப்பனிங் 3.29 கோடி, அதாவது முதல் படத்தைப் போல ஐந்து மடங்கு. ஆனால் மொத்த உள்நாட்டு வசூல்? அதுவும் 10 கோடிக்குச் சற்று மேல்தான். இரண்டு படங்களும் ஏறக்குறைய ஒரே தொகையை ஈட்டின. ஒன்று மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்தது, மற்றது வந்த வேகத்தில் அள்ளியது. இரண்டாவதை ‘வேகமாகச் சரிந்தது’ என்று சொன்னால் எண் சரி, தீர்ப்பு தவறு.

‘இன்சிடியஸ்’ கதையும் அப்படியே. 15 லட்சம் டாலரில் எடுத்த படம். 2011-ல் வந்தபோது 1.3 கோடி ஓப்பனிங், நின்று நிதானமாக ஓடி உள்நாட்டில் 5.4 கோடி. 2013-ல் இரண்டாம் பாகம் 4 கோடியில் திறந்து 8 கோடிக்குச் சற்று மேலே நின்றது. முதல் படம் தன் ஓப்பனிங்கைப் போல நான்கு மடங்கு வசூலித்தது, இரண்டாவது இரண்டு மடங்குதான். இந்த மடங்குக் குறைவு தொடர்ப் படங்களுக்கு இயல்பு. முதல் பாகத்தைத் தியேட்டரில் தவறவிட்டு, வீட்டில் வட்டிலோ ஓடிடியிலோ பார்த்துப் பிடித்துப்போனவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். அவர்களும் பழைய ரசிகர்களோடு சேர்ந்து முதல் மூன்று நாளிலேயே வந்துவிடுவார்கள். நான்காவது வாரத்துக்கு என்று யாரும் மிச்சமிருப்பதில்லை.

சமீபத்தில் ‘ஸ்மைல்’ இன்னும் துல்லியமாகக் காட்டியது. 2022-ல் முதல் படம் 2.26 கோடியில் திறந்தது. முதலில் ஓடிடிக்கென்று எடுக்கப்பட்டு, முன்னோட்டக் காட்சிகளில் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத் தியேட்டருக்கு மாற்றப்பட்ட படம் அது. இரண்டாவது வார இறுதியில் சரிவு 18 சதவீதம்தான். பேய்ப்படத்துக்கு இது அதிசயம். 2024-ல் இரண்டாம் பாகம் 2.3 கோடியில் திறந்தது, கிட்டத்தட்ட அதே தொகை. ஆனால் அடுத்த வாரம் பாதிக்கும் மேல் விழுந்தது. உலக வசூலில் முதலாவது சுமார் 21.7 கோடி, இரண்டாவது 13.8 கோடி. இத்தனைக்கும் இரண்டாம் பாகத்தை விமர்சகர்கள் நன்றாகவே வரவேற்றார்கள். முதல் பாகம் அவ்வளவு நின்று ஓடியும் ஓப்பனிங் ஏன் கூடவில்லை என்று கேட்கலாம். என் கணிப்பு: முதல் பாகம் தன் ஒரே உத்தியை, அந்தச் சிரிப்பை, அதிலேயே முழுதாகச் செலவழித்துவிட்டது. ‘அடுத்து என்ன ஆகும்’ என்று வீட்டுக்கு எடுத்துப்போகக் கேள்வி எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

முந்தைய பாகத்தின் கடனை அடுத்த பாகம் கட்டுவதற்கு ‘ஸா’ தொடர்தான் பாடப்புத்தகம். 2004-ல் 12 லட்சம் டாலர் செலவில் தொடங்கி, ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு பாகம் என்று பண்டிகை மாதிரி வந்துகொண்டிருந்த தொடர். இரண்டாம் பாகத்திலிருந்து ஐந்தாம் பாகம் வரை நான்கு படங்களும் 3 கோடிக்கு மேல் ஓப்பனிங் எடுத்தன. ஆனால் நான்காவதிலும் ஐந்தாவதிலும் கதை சிக்கலாகிக்கொண்டே போனது, பார்வையாளர் சலித்துக்கொண்டார்கள். 2009-ல் ஆறாவது வந்தது. ஐந்தாவதைவிட நல்ல படம் என்று விமர்சகர்களே சொன்னார்கள். ஓப்பனிங் 1.4 கோடி. ஒரேயடியாகப் பாதி போனது.

அந்த வாரம் அதை வீழ்த்தியது 15,000 டாலரில் ஒரு வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்ட ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’. ரத்தமும் பொறிகளும் நிறைந்த தொடரை, அசையாத ஒரு கேமராவும் மெல்ல நகரும் ஒரு கதவும் தோற்கடித்தன. பார்வையாளருக்குப் பயம் தேவைப்பட்டது, ஆனால் வேறு வகைப் பயம். பிறகு இந்தத் தொடரே தன் முறைக்கு அதே பாதையில் போனது. மூன்றாம் பாகம் 2011-ல் 5.26 கோடி ஓப்பனிங்கோடு உச்சம் தொட்டது, உள்நாட்டில் 10 கோடியைத் தாண்டியது. அதைப் பார்த்து வெளியே வந்தவர்கள் கொடுத்த மதிப்பீடோ சுமார்தான். விளைவு அடுத்த வருடம் நான்காம் பாகத்தில் தெரிந்தது: உள்நாட்டில் 5.4 கோடி, கிட்டத்தட்ட பாதி. 2015-ல் வந்த ‘கோஸ்ட் டைமென்ஷன்’ உள்நாட்டில் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. அதில் இன்னொரு காரணமும் உண்டு. தியேட்டரை விட்டு வந்த சில நாளிலேயே டிஜிட்டலில் வெளியிடப்போவதாகப் படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் அறிவித்ததால், பல பெரிய தியேட்டர் நிறுவனங்கள் படத்தைத் திரையிட மறுத்துவிட்டன.

இவ்வளவு சரிந்த பிறகும் ஏன் எடுத்தார்கள் என்றால், அந்த ‘கோஸ்ட் டைமென்ஷன்’ படத்தின் தயாரிப்புச் செலவு சுமார் 1 கோடி, உலக வசூல் 7.8 கோடிக்கு மேல். தியேட்டர்களின் பங்கு ஏறக்குறைய பாதி போய்விடும், விளம்பரச் செலவு பல சமயம் தயாரிப்புச் செலவைவிட அதிகமாகவே இருக்கும். அதையெல்லாம் கழித்தும் கை கடிக்காத கணக்கு இது. திகில் படத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டாம், வெளிநாட்டுப் படப்பிடிப்பு வேண்டாம். நடிகரின் சம்பளத்தை விழுங்கும் இடத்தில் பேயின் பெயர் நிற்கிறது. அந்தப் பெயர் சம்பளம் கேட்காது, வயதாகாது, தேதி இல்லை என்று சொல்லாது. 20 கோடி டாலர் போட்டு எடுக்கும் சூப்பர்ஹீரோ படத்தின் தொடர் ஒன்று சறுக்கினால் நிறுவனமே ஆடும். பேய்ப்படத் தொடர் மூன்று முறை சறுக்கினாலும் நான்காவதற்குத் துணிய முடிகிறது.

அதனால்தான் சரிவு சதவீதத்தை மட்டும் பார்த்துத் தோல்வி என்று முத்திரை குத்துவது இந்த வகைப் படங்களுக்குப் பொருந்தாது. பொதுவாகப் பேய்ப்படங்கள் இரண்டாவது வார இறுதியில் 55 முதல் 65 சதவீதம் வரை விழும். 2025-ல் வந்த ‘கான்ஜூரிங்: லாஸ்ட் ரைட்ஸ்’ இரண்டாவது வாரம் ஏறக்குறைய 70 சதவீதம் விழுந்தது. ஆனாலும் உள்நாட்டில் 8.4 கோடி ஓப்பனிங் எடுத்திருந்ததால், உலக அளவில் 49 கோடியைத் தாண்டி அந்தத் தொடரிலேயே அதிகம் வசூலித்த படமாக நின்றது. அந்தத் தொடரில் பேய் ஓட்டும் வாரன் தம்பதியின் கடைசிக் கதை என்று விளம்பரம் செய்ததில் எல்லோரும் முதல் வாரமே விடைகொடுக்க வந்துவிட்டார்கள்.

சினிமாஸ்கோர் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நாள் படம் பார்த்து வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் வாங்கும் நிறுவனம் அது, 1979 முதல் இயங்குகிறது. மற்ற வகைப் படங்களுக்கு ‘பி’ கிடைத்தாலே தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். பேய்ப்படத்துக்கு ‘பி’ நல்ல மதிப்பெண், ‘ஏ மைனஸ்’ வாங்கிய முதல் ‘கான்ஜூரிங்’ போன்றவை அபூர்வம். பயந்து நடுங்கி, மனம் கலங்கி வெளியே வருபவரிடம் உடனே ‘பிடித்ததா’ என்று கேட்டால் என்ன சொல்வார்? ஆகவே ‘சி’ வந்தால் படம் செத்தது என்று அர்த்தமில்லை. ‘தி நன்’ 2018-ல் ‘சி’ தான் வாங்கியது, உலக வசூல் 36 கோடியைத் தாண்டியது. ஆனால் அந்த ‘சி’ சும்மா போகவில்லை. அந்தப் படம் உள்நாட்டில் 5.38 கோடியில் திறந்தது, 2023-ல் வந்த இரண்டாம் பாகம் 3.26 கோடியில்.

இதற்கு விதிவிலக்கு இல்லையா என்றால் இருக்கிறது, அதுதான் சுவாரசியமே. ‘ஊய்ஜா’ (2014), ‘அனபெல்’ (2014) இரண்டும் ஒரே மாதத்தில் வந்தவை. இரண்டையும் விமர்சகர்கள் கிழித்தார்கள், இரண்டும் நன்றாகக் கல்லா கட்டின. இரண்டுக்கும் முன்கதையாக அடுத்த பாகம் எடுக்க, வேறு திறமையான இயக்குநர்களை அழைத்தார்கள்: ‘ஊய்ஜா’வுக்கு மைக் ஃபிளானகன், ‘அனபெல்’லுக்கு டேவிட் சாண்ட்பெர்க். இரண்டு இரண்டாம் பாகங்களும் முதல் பாகத்தைவிடப் பல மடங்கு நல்ல படங்கள். ‘ஊய்ஜா: ஒரிஜின் ஆஃப் ஈவில்’ உலக அளவில் 10 கோடியிலிருந்து 8 கோடிக்கு இறங்கியது. ‘அனபெல்: கிரியேஷன்’ 25 கோடியிலிருந்து 30 கோடிக்கு ஏறியது. வித்தியாசம் எங்கே? அனபெல்லுக்கு ஒரு குடும்பம் இருந்தது, அது ‘கான்ஜூரிங்’ தொடரின் கிளை. நடுவில் 2016-ல் வந்த ‘கான்ஜூரிங் 2’ நல்ல பெயர் வாங்கி, குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. ‘ஊய்ஜா’வுக்குப் பின்னால் முந்தைய பாகத்தின் கெட்ட பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. நல்ல படம் எடுத்துவிட்டால் கூட்டம் தானாக வரும் என்று நம்புபவர்களுக்கு ஃபிளானகனின் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கச் சொல்வேன். மிக நல்ல படம், அதிகம் பேர் பார்க்காமலே போனது.

இனி எதிர்பார்ப்புக்கு வருவோம். ‘ரசிகர்களுக்கு அதேதான் வேண்டும், ஆனால் புதுசாகவும் வேண்டும்’ என்று தயாரிப்பாளர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். எல்லாத் தொடர்களுக்கும் பொருந்துகிற இந்தப் பேச்சு, பேய்ப்படத்துக்கென்று இருக்கும் தனிச் சிக்கலைத் தொடவே இல்லை. துப்பறியும் நாயகனைப் பற்றி எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு நெருக்கமாகிறான். பேயைப் பற்றித் தெரியத் தெரியப் பயம் குறைகிறது. தொடர் என்றாலே மேலும் மேலும் தெரியவைப்பதுதானே? அது எங்கிருந்து வந்தது, ஏன் கோபம், எந்தச் சடங்கால் கட்டுப்படும் என்று மூன்றாம் பாகத்துக்குள் சொல்லியாக வேண்டிய நெருக்கடி வந்துவிடுகிறது. இருட்டில் நின்ற உருவத்துக்கு ஜாதகம் எழுதியதும் அது நமக்குத் தெரிந்த ஆளாகிவிடுகிறது. ரசிகர்கள் ‘பின்னணியைச் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள், சொன்னால் ‘சப்பென்று ஆகிவிட்டது’ என்பார்கள். இரண்டுமே நேர்மையான எதிர்வினைதான். கேட்பது ஆர்வம், ஏமாறுவது பயம் தேடி வந்த மனசு.

அப்படியென்றால் பழைய பேயை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவரலாமே? 1982-ல் ‘ஹாலோவீன் 3’ அதைத்தான் செய்தது. முதல் படத்தை இயக்கிய ஜான் கார்பென்டருக்கு அந்தப் பெயரின் கீழ் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கதை சொல்லும் எண்ணம் இருந்தது. முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் இல்லாமலே மூன்றாம் பாகம் வந்தது. முதல் படம் உள்நாட்டில் 4.7 கோடி ஈட்டியிருந்தது. இது 1.4 கோடியோடு நின்றது. ஆறு வருடம் கழித்து வந்த நான்காம் பாகத்தின் தலைப்பிலேயே ‘மைக்கேல் மையர்ஸ் திரும்பி வருகிறான்’ என்று போட்டார்கள். ஒரு படத் தலைப்பு இவ்வளவு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்று மூன்றாம் பாகத்துக்கென்று தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த அன்பு 1982-ன் கல்லாவுக்கு உதவவில்லை.

நாற்பது வருடம் கழித்தும் அதே பள்ளம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ‘மேகன்’ 2023 ஜனவரியில் 3 கோடி ஓப்பனிங்கோடு உலகம் முழுக்க 18 கோடி வசூலித்த, கொலைகாரப் பொம்மையைப் பற்றிய படம். எடுத்த செலவு 1.2 கோடி. 2025 ஜூனில் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் பொம்மையையே நாயகியாக்கி, திகிலைக் குறைத்து அதிரடி அறிவியல் படமாக மாற்றினார்கள். குளிர்காலத்தில் எளிதாக ஓடிய சரக்கைக் கோடைப் படங்களின் கூட்டத்தில் இறக்கினார்கள். ஓப்பனிங் 1 கோடி, உலக மொத்தம் 4 கோடிக்கும் குறைவு. வகையை மாற்றலாம், சீசனை மாற்றலாம், அந்தப் பொம்மை எதையும் தாங்கும் என்று தாங்கள் நினைத்தது தப்பு என்று தயாரிப்பாளர் ஜேசன் பிளம் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்.

‘ஏலியன்’ தொடரின் இரண்டாம் பாகம் (1986) திகிலிலிருந்து போர்ப் படமாக மாறி வென்றதே என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே மாறியது படத்தின் வேகம். எதிரி அதே எதிரி, அதே கொடூரம், எண்ணிக்கைதான் கூடியது. யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ‘மேகன்’ அந்த இடத்தைத்தான் கலைத்தது. பார்வையாளர் மன்னிக்காதது இது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். கதைக்களத்தை மாற்றுங்கள், காலத்தை மாற்றுங்கள், நடிகர்களை மொத்தமாகக் கழற்றிவிடுங்கள், சகித்துக்கொள்வார்கள். யார் பயமுறுத்துகிறார், எப்படிப் பயமுறுத்துகிறார் என்ற ஒப்பந்தத்தில் கை வைத்தால் வரமாட்டார்கள்.

அந்த ஒப்பந்தம் முதல் பாகத்திலேயே முடிவாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ‘ஃப்ரைடே தி 13த்’ முதல் படத்தில் (1980) கொலை செய்வது அந்தத் தொடரின் பெயர்போன கொலைகாரன் ஜேசனே அல்ல, அவன் அம்மா. இரண்டாம் பாகத்தில்தான் அவன் வருகிறான். இன்று உலகம் முழுக்க அடையாளமாகிவிட்ட அந்த ஹாக்கி முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் அவன் முகத்துக்கு வந்தது. சில தொடர்கள் இப்படித் தட்டுத்தடுமாறித்தான் தங்கள் பேயைக் கண்டுபிடிக்கின்றன.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த தொடர் ‘ஃபைனல் டெஸ்டினேஷன்’. அதில் வில்லனுக்கு முகமே இல்லை. சாவுதான் வில்லன். விபத்திலிருந்து தப்பியவர்களை அது வரிசையாகத் தேடி வரும், அவ்வளவுதான் விதி. பின்கதை எழுத இடமில்லை, நடிகர் மாறினால் கவலையில்லை, தெரிந்துவிட்டதே என்று பயம் தேய்வதும் இல்லை. சொல்லப்போனால் இங்கே விதி தெரிந்திருப்பதுதான் பயத்தையே உண்டாக்குகிறது. திரையில் ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு கசிவு, ஒரு தளர்ந்த திருகு என்று காட்டும்போதே எது யாரைக் கொல்லப்போகிறது என்று நாமே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறோம். 2011-க்குப் பிறகு பதினான்கு வருடம் எதுவும் வராமலிருந்து, 2025-ல் ‘ஃபைனல் டெஸ்டினேஷன்: பிளட்லைன்ஸ்’ வந்தது. உள்நாட்டில் 5 கோடிக்கு மேல் ஓப்பனிங், உலக அளவில் 30 கோடியைத் தாண்டி அந்தத் தொடரிலேயே உச்சம். ‘பர்ஜ்’ தொடரும் இதே ஜாதி: வருடத்தில் ஒரு ராத்திரி எந்தக் குற்றத்துக்கும் தண்டனை இல்லை என்ற ஒற்றை விதி. அதன் முதல் நான்கு படங்களும் உலக வசூலில் ஒன்றைவிட ஒன்று அதிகம் ஈட்டின. ஆளை வைத்துக் கட்டிய தொடரைவிட விதியை வைத்துக் கட்டிய தொடருக்கு ஆயுசு கெட்டி.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு வருடம் ‘ஸ்க்ரீம் 2’-க்குப் போதுமானதாக இருந்தது. ‘பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’டுக்குப் பதினைந்து மாதத்தில் அவசரமாக இரண்டாம் பாகம் எடுத்ததில் உலக வசூல் சுமார் 25 கோடியிலிருந்து 5 கோடிக்கும் கீழே போனது. பதினாறு வருடம் காத்திருந்து 2016-ல் எடுத்தபோதும் அதே 5 கோடிக்குள்தான். ஆகவே மாதக் கணக்கில் விடை இல்லை. முதல் படத்தை ‘உண்மையாக நடந்ததோ’ என்ற சந்தேகம்தான் ஓட வைத்தது. அது இணையத்தின் ஆரம்ப காலம், அந்தச் சந்தேகத்தைக் கிளப்ப முடிந்தது. கதை கட்டியது என்று ஊருக்கே தெரிந்த பிறகு இரண்டாம் பாகத்துக்கு எடுத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. சில படங்களின் வெற்றி படத்துக்கு வெளியே இருக்கும். அதற்குத் தொடர் எடுக்க முடியாது.

பழைய நாயகியையோ நாயகனையோ திரும்ப அழைத்து வருவது இப்போதைய வழக்கம். 2018-ல் ‘ஹாலோவீன்’ அதைச் சரியாகச் செய்தது. முதல் படம் வந்து நாற்பது வருடம் கழித்து, அதில் நாயகி லோரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் திரும்பினார். நடுவில் வந்த பாகங்களையெல்லாம் கதையிலிருந்தே அழித்துவிட்டார்கள். 1 கோடி செலவு, 7.6 கோடி ஓப்பனிங், 25 கோடி உலக வசூல். இந்த முத்தொடரின் கடைசிப் பாகம் ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ 2022-ல் வந்தபோது, லோரிக்கும் மைக்கேலுக்குமான இறுதி மோதல் என்று விளம்பரம் செய்தார்கள். படமோ பெரும்பகுதி வேறொரு இளைஞனைப் பற்றியது, மைக்கேல் வெகு நேரம் ஓரமாகத்தான் இருக்கிறான். 4 கோடியில் திறந்து, இரண்டாவது வாரம் 80 சதவீதம் விழுந்தது. அதே நாளில் ஓடிடியிலும் வெளியானது ஒரு காரணம்தான். ஆனால் எண்பது என்பது ஓடிடியால் மட்டும் வரும் எண் அல்ல. அந்த இளைஞனின் கதையில் துணிச்சல் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். விளம்பரம் ஒன்றைச் சொல்லிப் படம் வேறொன்றைக் கொடுத்தபின் துணிச்சலைப் பாராட்ட யாருக்கும் பொறுமை இருக்காது.

இதே இயக்குநர் டேவிட் கார்டன் கிரீன் அடுத்து ‘எக்ஸார்சிஸ்ட்’டைத் தொட்டார். யுனிவர்சல் புது முத்தொடருக்கான உரிமைக்கு 40 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டது. ஒரு பேய்ப்படத் தொடருக்கு இவ்வளவு என்பதே விபரீதம். குறைந்த முதலீடு என்ற இந்த வகையின் ஒரே பாதுகாப்பையும் அது கழற்றி எறிந்துவிட்டது. 2023-ல் ‘எக்ஸார்சிஸ்ட்: பிலீவர்’ 13 கோடிக்கு மேல் வசூலித்தது. 3 கோடியில் எடுத்த படத்துக்கு அது வேறு எங்கும் வெற்றி. இங்கே தோல்வி என்று எழுதப்பட்டது. திட்டமிட்ட அடுத்த பாகம் கைவிடப்பட்டு, இயக்குநரும் விலகினார்.

செலவு ஏறுவது இன்னும் பல தொடர்களின் வியாதி. ‘இட்’ 3.5 கோடியில் எடுத்து 70 கோடி வசூலித்தது (2017), இரண்டாம் பாகம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவழித்து 47 கோடி. நஷ்டமில்லை, ஆனால் லாபம் மெலிந்தது. இதற்கு நேர் எதிர்த்திசையில் ‘டெரிஃபையர்’ வளர்ந்தது. இரண்டாம் பாகம் சில லட்சம் டாலரில், ரசிகர்கள் திரட்டித் தந்த பணத்தையும் சேர்த்து எடுக்கப்பட்டது. அரங்கில் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள் என்ற பேச்சிலேயே ஓடியது. மூன்றாவது 2024 அக்டோபரில், தணிக்கைச் சான்றே வாங்காமல், 20 லட்சம் டாலர் படமாக வந்து கிட்டத்தட்ட 1.9 கோடி ஓப்பனிங் எடுத்தது. இரண்டாவது வாரத்தில் இருந்த ‘ஜோக்கர்’ இரண்டாம் பாகத்தை முதலிடத்திலிருந்து தள்ளியது. உலக அளவில் சுமார் 9 கோடி. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று அந்தப் படம் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

நகைச்சுவை கலந்த பேய்ப்படங்களுக்கு மேலே சொன்ன விதிகள் பலவும் செல்லாது. ‘முனி’ (2007), அதிலிருந்து கிளைத்த ‘காஞ்சனா’ வரிசை, ‘அரண்மனை’ வரிசை, இந்தியில் ‘ஸ்த்ரீ’ எல்லாமே முதல் பாகத்தோடு நிற்காமல் வளர்ந்தவை. ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ ஆகியவற்றில் ஒவ்வொரு பாகத்திலும் பேய் புதுசு, அதற்கொரு அநியாயக் கதை புதுசு. மாறாமல் இருப்பது ‘காஞ்சனா’வில் பயந்து நடுங்கும் நாயகனும், இரண்டிலும் சுற்றியிருக்கும் கலாட்டாக் கூட்டமும்தான். பேயின் பின்கதை இங்கே பயத்தைக் குறைப்பதில்லை, கண்ணீரையும் பழிவாங்கும் ஆவேசத்தையும் கொண்டுவருகிறது. குடும்பத்தோடு வருபவருக்கு அதுதான் எதிர்பார்ப்பு. ஒரே குறை, இங்கே நம்பத்தகுந்த பொது வசூல் கணக்கு இல்லை. போஸ்டரில் போடும் கோடிகளை வைத்து ஆய்வு செய்தால் வேறொரு திகில் கதை எழுதலாம்.

அடுத்து வரப்போகும் ஒரு பாகம் எப்படிப் போகும் என்று நீங்களே ஊகிக்க விரும்பினால், முந்தைய பாகத்தின் மொத்த வசூலை விட்டுவிட்டு, அது இரண்டாவது வாரத்தில் எவ்வளவு விழுந்தது என்று முதலில் பாருங்கள். அது மெல்ல இறங்கியிருந்தால் புதுப் படத்துக்கு ஓப்பனிங் உறுதி என்று சொல்லமாட்டேன், ‘ஸ்மைல்’ இருக்கிறதே. ஆனால் செங்குத்தாக விழுந்திருந்தால் புதுப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணி குடிக்க வேண்டியிருக்கும். பிறகு செலவு எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். டிரெய்லரில் அதே வகைப் பயம் இருக்கிறதா, அல்லது பேயை நாயகனாக்க நினைக்கிறார்களா என்று பாருங்கள். விமர்சன நட்சத்திரங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ‘ஸா’ ஆறாம் பாகத்துக்கு அவை எந்த வகையிலும் கைகொடுக்கவில்லை.